அமானிதம் காத்த மந்திரி: துன் டாக்டர் இஸ்மாயில் சரிதை

ஒரு நாடு முன்னேற என்ன வேண்டும் என்று கேட்டால், பணம் வேண்டும், படிப்பு வேண்டும், நல்ல சாலை வேண்டும், தொழிற்சாலை வேண்டும் என்று ஆளுக்கொன்று சொல்லுவோம். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் கடை வைத்து நடத்துகிற நமக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கடை நிறையச் சரக்கு இருக்கலாம்; வாடிக்கையும் குறைவில்லாமல் வரலாம். கல்லாவில் உட்காருகிறவருடைய கை சுத்தமாக இல்லாவிட்டால் அந்தக் கடை நெடுநாள் நிற்காது. முதலில் லாபம் போகும், பிறகு முதல் போகும், கடைசியில் பெயரும் போகும். நாட்டின் கதையும் இதுதான்.

நீதி தவறாத ஆட்சிக்கு உதாரணம் சொல்ல வரும்போது நாம் தூர தேசத்துக்கும் பழைய காலத்துக்கும் போய்விடுவது வழக்கம். கலீபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் அவர்களைப் பற்றி மத்ரஸாவில் படித்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். அது மிகவும் நல்லதே. ஆயினும், நமது ஜொகூர் மண்ணிலேயே பிறந்து, நம் பெற்றோர் காலத்தில் வாழ்ந்து, பதவியை அமானிதமாகக் கருதி நடந்த ஒருவர் உண்டு. அவர் பெயர் இன்று பேட்டைக்கும் சாலைக்கும் பெயராக நிற்கிறது. அவருடைய வாழ்க்கையை அறிந்த இளைஞர்களோ குறைவு. ஆகவே துன் டாக்டர் இஸ்மாயில் பின் அப்துல் ரஹ்மான் அவர்களின் சரிதையை நம் அன்பர்களுக்காக இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

பிறப்பும் படிப்பும்

டாக்டர் இஸ்மாயில் 1915-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி ஜொகூர் பாருவில் பிறந்தார். தகப்பனார் அப்துல் ரஹ்மான் யாசின் அவர்கள் ஜொகூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர். நாடு சுதந்திரம் அடைந்தபின் 1959-இல் மேல் சபையாகிய டேவான் நெகாராவின் முதல் தலைவராக அமர்ந்தவர். தமையனார் சுலைமான் அவர்களும் பின்னாளில் மந்திரியாக இருந்தார். இத்தகைய குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்குச் சலுகைகளுக்குப் பஞ்சம் இருந்திராது. சலுகை கிடைக்கிற இடத்தில் பிறந்தும் சலுகையை நம்பாமல் வாழ்ந்தார் என்பதே அவருடைய முதல் சிறப்பு.

ஜொகூர் பாரு இங்கிலீஷ் காலேஜில் படித்த காலத்தில் சீனப் பிள்ளைகளும் இந்தியப் பிள்ளைகளும் அவருக்குத் தோழர்கள். சர்க்கரை வியாபாரத்தில் பெரும் பெயர் எடுத்த ராபர்ட் குவோக் அவர்களின் குடும்பத்தோடு அவருக்கு நெருங்கிய நட்பு இருந்தது. 2017-இல் வெளிவந்த தமது நினைவு நூலில் குவோக் அவர்கள், இனபேதம் பாராட்டாத மனிதர் என்று டாக்டர் இஸ்மாயிலை மிகவும் மெச்சி எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் உண்டான நட்பு மந்திரி ஆனபிறகும் மாறவில்லை. ஆனால் நட்பு வேறு, நாட்டுக் காரியம் வேறு என்ற கணக்கில் அவர் தெளிவாக இருந்தார்.

முதலில் சிங்கப்பூரில் வைத்தியப் படிப்பைத் தொடங்கிய அவர், பிறகு ஆஸ்திரேலியாவுக்குச் சென்று மெல்பர்ன் சர்வகலாசாலையில் சேர்ந்தார். இரண்டாம் உலக யுத்தம் நடந்த ஆண்டுகள் அவை. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்துக்கொண்டதால் வீட்டோடு தொடர்பு அறுந்தது. அந்தத் தனிமையிலும் படிப்பை விடாமல் 1945-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தச் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்ற முதல் மலாய்க்காரர் அவரே.

1946-இல் ஊர் திரும்பியவர், அடுத்த ஆண்டு ஜொகூர் பாருவில் சொந்தமாக ஒரு கிளினிக் திறந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் தவக்கல். அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டுதல் என்ற அந்தச் சொல்லின் பொருளை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சர்க்கார் சம்பளத்தை எதிர்பாராமல் சொந்தத் தொழிலில் சம்பாதித்துச் சாப்பிட்டவர் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். பதவி போனால் சோறு போய்விடும் என்ற பயம் உள்ளவனுக்கு நேர்மை கஷ்டம். தொழில் கையில் உள்ளவனுக்குப் பதவியை விட்டு எழுந்து போகும் தைரியம் இருக்கும். அவருக்கு அது இருந்தது என்பதைப் பின்னால் காண்போம்.

அரசியலில்

1951-இல் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் அம்னோவின் தலைமையை ஏற்றபோது டாக்டர் இஸ்மாயில் அக்கட்சியின் உதவித் தலைவர்களில் ஒருவரானார். 1953-இல் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே மந்திரி பொறுப்பு வந்தது. 1955-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் கூட்டணி வெற்றி பெற்று, துங்கு மந்திரிசபை அமைத்தபோது அதிலும் இடம் பெற்றார். இயற்கை வளம், வியாபாரம், கைத்தொழில் ஆகிய இலாகாக்கள் அவர் கையில் இருந்தன. சுரங்கமும் நிலமும் லைசென்ஸும் அடங்கிய இலாகாக்கள் எப்படிப்பட்டவை என்று வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டாம். கை நீட்ட நினைத்தால் நீட்டுவதற்கு எத்தனையோ வழி உண்டு. அந்த வழிகளில் போனார் என்ற பேச்சு அவர் பெயரோடு ஒட்டவில்லை.

1957 ஆகஸ்ட் 31-இல் மலாயா சுதந்திரம் பெற்றது. அமெரிக்காவுக்கு நம் நாட்டின் முதல் தூதராகவும், ஐக்கிய நாட்டுச் சபையில் முதல் பிரதிநிதியாகவும் டாக்டர் இஸ்மாயில் அனுப்பப்பட்டார். செப்டம்பர் 17-இல் மலாயா அந்தச் சபையில் அங்கத்தினராகச் சேர்ந்தது. சின்ன நாடு, கொஞ்சம் பேரைக் கொண்ட அலுவலகம், உலகத்து வல்லரசுகள் எதிரே. அங்கே நடந்ததையெல்லாம் ஒளிவு மறைவின்றி எழுதித் துங்குவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். முதலாளிக்கு இனிப்பான கணக்கு மட்டும் காட்டுகிற கணக்கப்பிள்ளையால் எத்தனையோ கடைகள் மூழ்கியிருக்கின்றன. கசப்பான கணக்கையும் காட்டுகிறவனே உண்மையான விசுவாசி.

1959-இல் திரும்பி வந்து வெளிநாட்டு மந்திரியானார். பிறகு உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகா அவரிடம் வந்தது. 1960-இல் நிறைவேறிய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், விசாரணையின்றி ஒருவரைக் காவலில் வைக்கும் அதிகாரத்தை மந்திரிக்கு அளித்தது. இது நியாயமா என்று அன்றே பலர் கேட்டார்கள். நெடுங்கால வாதத்துக்குப் பின் 2012-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. டாக்டர் இஸ்மாயில் அதை அவசியம் என்று நம்பியவர். அவர் செய்ததெல்லாம் சரி என்று வாதாட நான் வரவில்லை. கடுமையானவர், கோபக்காரர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. ஆனால் அந்தக் கடுமையை விலைக்கு வாங்க முடியாது என்பதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். பைலைப் படித்து முடியும் அல்லது முடியாது என்று தாமதமின்றிச் சொல்லிவிடுவார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இழுத்தடிக்காமல் சொல்லும் பதிலின் அருமை வியாபாரிக்குத்தான் தெரியும். லஞ்சம் வளருவது பெரும்பாலும் தாமதத்தில்தான். பேப்பர் மேஜையில் கிடக்கக் கிடக்க, அதை நகர்த்துவதற்குக் கோப்பிக் காசு கேட்கும் தைரியம் ஒருவனுக்கு வருகிறது. காரியம் ஆகாது என்றால் ஆகாது என்று அன்றே சொல்லிவிட்டால், கேட்பவனுக்கும் வேலை இல்லை, கொடுப்பவனுக்கும் வேலை இல்லை.

விட்டதும் திரும்பி வந்ததும்

1967-இல் இருதய நோயும் புற்றுநோயும் அவரை வாட்டின. மந்திரி பதவியை ராஜினாமா செய்தார். ஐம்பத்திரண்டு வயது நிறையுமுன், அதிகாரத்தின் உச்சியில் இருக்கும்போது, தாமாகவே நாற்காலியை விட்டு இறங்கினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் சாதாரண மெம்பராகப் பார்லிமெண்டில் எழுந்து, தென்கிழக்கு ஆசியா வல்லரசுகளின் சண்டையில் சேராமல் நடுநிலை வகிக்க வேண்டும் என்ற யோசனையைச் சொன்னார். 1971-இல் ஆசியான் நாடுகள் கோலாலம்பூரில் கூடி வெளியிட்ட சமாதானப் பிரகடனத்துக்கு அந்த யோசனை வழிகாட்டியது.

1969 மே 13-ஆம் தேதி கோலாலம்பூரில் நடந்த கலவரத்தை நம் மூத்தவர்கள் மறக்க மாட்டார்கள். இறந்தவர்கள் 196 பேர் என்பது சர்க்கார் கணக்கு. ஊரடங்குச் சட்டம், மூடிய கடைகள், எங்கும் பயம். பார்லிமெண்டு நிறுத்தி வைக்கப்பட்டு, துன் அப்துல் ரஜாக் தலைமையில் தேசிய நடவடிக்கைக் குழு ஆட்சியை நடத்தியது. நோயாளியாகிய டாக்டர் இஸ்மாயில் அழைப்பை ஏற்று மீண்டும் உள்நாட்டு மந்திரியாக வந்தார். அந்த நாட்களில் எதிர்க்கட்சிகளின்மேல் பழி வைத்து அவர் கடுமையாகப் பேசியதும் உண்டு. அதே சமயம், கலவரம் தூண்டுகிறவன் எந்த இனத்தவன் ஆனாலும் சட்டம் ஒன்றுதான் என்பதில் அவர் பிசகவில்லை. ஆயுதமும் அதிகாரமும் கையில் இருந்தபோதும் அந்த அவசர ஆட்சி நிலையாகிவிடவில்லை. 1971 பிப்ரவரியில் பார்லிமெண்டு மறுபடியும் கூடியது.

இதற்கிடையே 1970 செப்டம்பரில் துங்கு ஓய்வு பெற்று, துன் ரஜாக் பிரதமரானார். டாக்டர் இஸ்மாயில் துணைப் பிரதமரானார். ரஜாக் அவர்களுக்கு இரத்தப் புற்றுநோய் என்பது பொதுமக்களுக்குத் தெரியாது. அதை அறிந்த வெகு சிலரில் டாக்டர் இஸ்மாயில் ஒருவர். அவருக்கும் உடம்பு சரியில்லை. உயிர் எத்தனை நாள் என்று தெரியாத இரண்டு பேர் தோள் கொடுத்து, உடைந்து கிடந்த நாட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். நாளை இருப்போமா என்று அறியாதவன் சேர்த்து வைக்க நினைக்கலாம், அல்லது கணக்கை நேர் செய்ய நினைக்கலாம். இவர்கள் கணக்கை நேர் செய்தார்கள்.

கைதூக்கி விடுவதற்கு ஓர் எல்லை

அக்காலத்தில் வகுக்கப்பட்டது புதிய பொருளாதாரக் கொள்கை. இனபேதமின்றி வறுமையை ஒழிப்பது ஒன்று, இந்தத் தொழில் இந்த இனத்துக்கு என்ற நிலைமையை மாற்றுவது இன்னொன்று. 1990-க்குள், அதாவது இருபது ஆண்டுக்குள், பூமிபுத்ராக்களின் பங்கு 30 சதவீதம் ஆகவேண்டும் என்பது இலக்கு. டாக்டர் இஸ்மாயில் இக்கொள்கையை ஆதரித்தவர். ஆனால் அதற்கு ஒரு முடிவு தேதி இருக்கவேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். கோல்ப் விளையாட்டில் புதியவனுக்குச் சில புள்ளிகள் விட்டுக்கொடுப்பார்கள். அவன் நன்றாக விளையாடக் கற்றுக்கொள்ளும்போது அந்தச் சலுகை குறைந்துகொண்டே போகும். மலாய்க்காரரின் விசேஷ உரிமையை அவர் இந்தச் சலுகைக்கு ஒப்பிட்டு விளக்கினார்.

நமக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், புதிதாகக் கடை வைக்கும் தம்பிக்கு மூத்த வியாபாரி கடனுக்குச் சரக்குக் கொடுத்து உதவுவது போல. இரண்டு வருஷத்தில் அவன் தன் காலில் நிற்கவேண்டும். அதுதான் கொடுத்தவருக்கும் பெருமை. உதவி நில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தால், தம்பிக்கு உழைப்பு மறந்துவிடும். நடுவில் ஒரு தரகன் முளைத்து அந்த உதவியை விற்கத் தொடங்குவான். ஏழைக்கென்று எழுதிய பங்கு சிலருடைய பையில் விழுவது இப்படித்தான். தம் சொந்த இனத்தாரிடமே இதை எடுத்துச் சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. எதிராளியின் குற்றத்தைச் சொல்ல யாராலும் முடியும். தன் வீட்டாரிடம், தன் கட்சியாரிடம், தன் கூட்டத்தாரிடம் முடியாது என்று சொல்லுவதுதான் கஷ்டம். நேர்மைக்கு உரைகல் அதுவே.

நம் தமிழ் மக்களுக்கும் அது சோதனைக் காலம். 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்கவேண்டி வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளரும் சிற்றாள்களும் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. குடியுரிமை விவகாரம் உள்நாட்டு இலாகாவைச் சேர்ந்தது. எல்லாருடைய குறையும் அவர் காலத்தில் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஒருவனுடைய வாழ்வே ஒரு முத்திரையில் அடங்கியிருக்கும் காலத்தில், அந்த முத்திரையைக் கையில் வைத்திருப்பவன் விலை போகாதவனாக இருப்பது எத்தனை பெரிய காரியம் என்பதையே சொல்லுகிறேன். சட்டம் கடுமையாக இருந்தாலும் தாங்கிக்கொள்ளலாம். பணம் உள்ளவனுக்கு ஒரு சட்டம், இல்லாதவனுக்கு ஒரு சட்டம் என்றால் நாட்டின்மேல் உள்ள நம்பிக்கையே போய்விடும்.

மறைவும் பின்னும்

1973 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, கோலாலம்பூரில், இருதயம் நின்று டாக்டர் இஸ்மாயில் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 57. பிரதமர் ரஜாக் காமன்வெல்த் மகாநாட்டுக்காகக் கனடாவில் இருந்தார். செய்தி கேட்டு அவசரமாகத் திரும்பினார். தேசியப் பள்ளிவாசலை அடுத்த வீரர் அடக்கத் தலத்தில் முதன்முதலாக அடக்கம் செய்யப்பட்டவர் டாக்டர் இஸ்மாயிலே. 1976-இல் ரஜாக்கும், 1990-இல் ஹுசேன் ஓனும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தம் வாழ்க்கைக் கதையை எழுதத் தொடங்கிய டாக்டர் இஸ்மாயில் அதை முடிக்கவில்லை. கோலாலம்பூரில் உள்ள தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒருவர் நேர்மையாக இருந்து மறைந்துவிட்டால் போதுமா என்று சிலர் கேட்கலாம். போதாதுதான். நேர்மையானவர் போனபின்னும் நேர்மை நிற்கவேண்டுமானால் சட்டமும் அதை நடத்தும் இலாகாவும் வேண்டும். லஞ்சத் தடுப்புச் சட்டம் 1961-இல் வந்தது. லஞ்சத் தடுப்பு இலாகா 1967 அக்டோபரில் தனியாக அமைந்தது. அவர் மறைந்த 1973-இல் அதற்கு மேலும் அதிகாரம் தரும் சட்டம் நிறைவேறியது. 1976-இல் சிலாங்கூர் மந்திரி புசாராக இருந்த டத்தோ ஹருன் இட்ரிஸ், ஆளும் கட்சியிலே செல்வாக்குள்ளவராக இருந்தும், லஞ்ச வழக்கில் தண்டனை பெற்றார். தன் ஆளையும் சட்டத்தின் முன் நிறுத்தும் பழக்கம் அன்று இருந்தது.

பழக்கம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் நாடு பார்த்துவிட்டது. கோடிக்கணக்கான பொதுப் பணம் காணாமற்போன வழக்குகளையும், 2022 ஆகஸ்டில் ஒரு முன்னாள் பிரதமர் சிறைக்குச் சென்றதையும் நாம் பத்திரிகையில் படித்தோம். உலக நாடுகளின் நேர்மையை அளவிடும் 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் நம் நாட்டுக்கு நூற்றுக்கு 50 புள்ளி. பாலத்துக்கு அப்பால் உள்ள சிங்கப்பூருக்கு 84. மண் ஒன்றுதான், மழை ஒன்றுதான், மக்களும் உறவினர்தான். வித்தியாசம் கல்லாவில்தான்.

நம் பங்கு என்ன?

அன்பர்களே, இதையெல்லாம் படித்துவிட்டு மந்திரிகளையும் அதிகாரிகளையும் மட்டும் குறை சொல்லி முடித்துக்கொண்டால் பிரயோஜனம் இல்லை. வாங்குகிற கைக்கு எதிரே கொடுக்கிற கை ஒன்று இருக்கிறது. அது பெரும்பாலும் வியாபாரியின் கை. லஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் இருவருமே குற்றவாளிகள் என்பது சிறு வயதில் நாம் படித்த பாடம். நாட்டுச் சட்டமும் அதையே சொல்லுகிறது. 2020 ஜூன் 1 முதல், கம்பெனியின் ஆள் ஒருவர் கம்பெனியின் லாபத்துக்காக லஞ்சம் கொடுத்தால் கம்பெனியே குற்றவாளி ஆகும். கூட்டு வியாபாரமும் இதில் அடங்கும். கொடுத்த தொகையைப்போல் பத்து மடங்கு அல்லது பத்து லட்சம் வெள்ளி, இதில் எது அதிகமோ அது அபராதம். இருபது ஆண்டு வரை சிறையும் உண்டு. லஞ்சத்தைத் தடுக்கத் தக்க ஏற்பாடு செய்திருந்ததாக நிரூபித்தால்தான் தப்பலாம். எனவே கடை ஆள்களுக்கு இதை எடுத்துச் சொல்லுவதும், கணக்கை ஒழுங்காக எழுதுவதும், லைசென்ஸைத் தேதி தவறாமல் புதுப்பிப்பதும் முதலாளியின் கடமை. குறை இல்லாத கடைக்காரன் யாருக்கும் பயந்து கோப்பிக் காசு நீட்ட வேண்டியதில்லை.

நம் ஆயர் ஈத்தாம் சாலைச் சந்தியால் வளர்ந்த ஊர். ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் போகிறவர்களும், பத்து பஹாட்டிலிருந்து குளுவாங் போகிறவர்களும் இங்கே நின்று சாமான் வாங்கிப் போனார்கள். 1994-இல் நெடுஞ்சாலை முழுவதும் திறந்தபின் வண்டிகள் பல வேறு வழியாகப் போகத் தொடங்கின. சாலை மாறும், சந்தை மாறும். நாணயமான கடை என்று பெயர் எடுத்தவரைத் தேடி மட்டும் வாடிக்கை வழி விலகியும் வரும். முதலீடு செய்ய வரும் பெரிய வியாபாரியும் நாணயமான நாட்டைத்தான் தேடி வருவான்.

பொருளை நம்பி ஒப்படைத்தவனிடம் அதைக் குறையாமல் திருப்பிக் கொடுப்பது அமானிதம். டாக்டர் இஸ்மாயில் நாட்டை அப்படித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அல்லாஹ் அவருடைய பிழைகளை மன்னித்து, அவருடைய கபுரை ஒளியாக்கி வைப்பானாக. நம் பிள்ளைகளிடமும் நம் கடைகளிலும் அந்தக் குணம் நிலைத்திருக்க அருள் புரிவானாக. ஆமீன்.